செய்தி முடியும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன், தொலைவில் ஒரு நாட்டில் நிகழ்ந்த நிலநடுக்கத்தைப் பற்றிய செய்தியை ஓர் இரவு முழுக்கக் கைபேசியில் பின்தொடர்ந்தேன். மறுநாள் காலையில், அந்த இரவில் எனக்கு என்னதான் தெரியவந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரவு 9 மணிக்குக் கிடைத்த முதல் தகவல்: நிலநடுக்கம் நிகழ்ந்திருக்கிறது, கட்டடங்கள் இடிந்திருக்கின்றன, உயிரிழப்பு இருக்கிறது. பன்னிரண்டரை மணிக்குக் கைபேசியைக் கீழே வைத்தபோது தெரிந்திருந்தது: நிலநடுக்கம் நிகழ்ந்திருக்கிறது, கட்டடங்கள் இடிந்திருக்கின்றன, உயிரிழப்பு அதிகம். மூன்றரை மணி நேரத்தில் ஓர் எண் கூடியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரே அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து விழுவதை நான்கு கோணங்களிலிருந்து, குறைந்தது பதினைந்து தடவையாவது பார்த்திருந்தேன். அடுத்த இரண்டு நாள்களுக்குக் கண்ணை மூடினால் வந்து நின்றது அந்தக் கட்டடமே தவிர, அந்த எண் அல்ல.

துயரச் செய்திகள் மனத்தைப் பாதிக்கின்றன என்று பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு வேறுபட்ட செயல்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஒன்று, நடந்ததை அறிந்துகொள்வது. மற்றொன்று, நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருப்பது. முதலாவதற்கு ஓர் எல்லை உண்டு. அறிய வேண்டியதை அறிந்தபின் அது தானாகவே முடிந்துவிடும். இரண்டாவதற்கு எல்லையே கிடையாது. மனநலத்துக்கு ஏற்படும் சேதத்தின் பெரும்பகுதி இரண்டாவதிலிருந்து வருகிறது என்பதே ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு. ஆகவே, ‘செய்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொதுவான அறிவுரை பாதி சரி, பாதி தவறு. எதைக் குறைப்பது என்று அது சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டுக்குத் தெளிவான சான்று ஒன்று பாஸ்டனிலிருந்து கிடைக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று, அமெரிக்காவின் அந்த நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தின் இறுதிக்கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. மூவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். அலிசன் ஹோல்மன், டானா கார்ஃபின், ராக்சேன் கோஹன் சில்வர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், அடுத்த சில வாரங்களுக்குள் 4,675 அமெரிக்கர்களிடம் அவர்களுடைய மனநிலையையும் அவர்கள் செய்தி பார்த்த நேரத்தையும் பற்றிக் கேட்டறிந்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பிந்தைய வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலேயோ அருகிலேயோ இருந்தவர்களைவிடக் கூடுதலான கடும் மனஅழுத்த அறிகுறிகளைக் கூறினார்கள். வெடிச்சத்தத்தை நேரில் கேட்டவரைவிட, ஆயிரம் மைல்களுக்கு அப்பால் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர் அதிகம் நடுங்கியிருக்கக்கூடும் என்பது முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கிறது. யோசித்தால் காரணம் புரியும்: நேரில் இருந்தவருக்கு அந்த வெடிப்பு ஒருமுறை நிகழ்ந்தது, திரையின் முன் இருந்தவருக்கு அது நாள் முழுவதும் நிகழ்ந்துகொண்டே இருந்தது.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழலாம். ஏற்கெனவே பதற்றமான சுபாவம் உள்ளவர்கள்தாம் அதிகம் பார்க்கிறார்களோ என்னவோ. அப்படியானால் பார்ப்பது காரணமா, விளைவா? ஆய்வாளர்கள் பழைய மனநலப் பாதிப்புகளையும் வேறு சில கூறுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்பு நீடித்தது என்றாலும், இத்தகைய ஆய்வு தனியாகக் காரணத்தை நிறுவிவிடாது. அதே குழுவினர் சிலர் 2019-இல் வெளியிட்ட தொடர் ஆய்வு, இரண்டும் உண்மை என்று காட்டியது. பாஸ்டன் குண்டுவெடிப்பின்போது அதிகம் பார்த்தவர்களுக்கு மனஅழுத்தம் கூடியது. அந்த அழுத்தம் எதிர்காலத்தைப் பற்றிய அச்சமாக மாறியது. 2016-இல் ஆர்லாண்டோ நகரின் இரவு விடுதியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, அந்த அச்சமே அவர்களை மீண்டும் அதிகம் பார்க்க வைத்தது. பயம் பார்க்கத் தூண்டுகிறது, பார்ப்பது பயத்தை வளர்க்கிறது. செக்குமாடு சுற்றுவதைப் போன்ற இந்த வட்டத்தில் எங்கே தொடங்கினோம் என்பது முக்கியமல்ல, எங்கே வெளியே வருவது என்பதே கேள்வி.

இன்னொரு சிறிய ஆய்வு, சேதம் எந்த வடிவில் வருகிறது என்பதைக் காட்டுகிறது. 1997-இல் பிரிட்டனில் ஜான்ஸ்டன், டேவி என்ற இரு உளவியலாளர்கள், தன்னார்வலர்களுக்கு 14 நிமிடச் செய்தித் தொகுப்புகளைக் காட்டினார்கள்: சிலருக்குத் துயரச் செய்திகள், சிலருக்கு நல்ல செய்திகள், சிலருக்கு இரண்டுமற்றவை. துயரத் தொகுப்பைப் பார்த்தவர்களின் மனம் சோர்ந்தது என்பதில் வியப்பில்லை. அவர்கள் அதன்பின் தங்கள் சொந்தக் கவலைகளையும் பூதாகரமாக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. செய்தியில் வந்த எதற்கும் அந்தக் கவலைகளுக்கும் தொடர்பில்லை. இரவு போர்ச்செய்தி பார்த்துவிட்டுப் படுத்தவர், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அலுவலகத்தில் மேலாளர் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப அலசுகிறார் என்றால், அவர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. இதனால்தான் செய்தியின் பாதிப்பு பெரும்பாலும் கணக்கில் வராமலே போகிறது.

இப்படிப் பாதிக்கும் ஒன்றை நாம் ஏன் விடாமல் பார்க்கிறோம்? ஆபத்தை முதலில் கவனிக்கும் பழக்கம் மனித உடலில் ஊறிப்போனது. ஸ்டூவர்ட் சொரோகாவும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கண்டங்களைச் சேர்ந்த 17 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் செய்திக் காணொளிகளைக் காட்டி, அவர்கள் தோலின் மின்கடத்து திறனையும் இதயத்துடிப்பையும் அளந்தார்கள். சராசரியாகப் பார்த்தால், நல்ல செய்தியைவிடக் கெட்ட செய்திக்கே உடல் கூடுதலாக விழித்துக்கொண்டது. தனி மனிதர்களுக்கிடையே வேறுபாடு பெரிதாக இருந்தபோதிலும் இந்தச் சாய்வு ஒரு நாட்டுக்கோ பண்பாட்டுக்கோ மட்டும் உரியதல்ல. ஆகவே துயரச் செய்தியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை என்பதற்காக யாரும் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நொந்துகொள்ளத் தக்க வேறொன்று இருக்கிறது: இந்த இயல்பின்மீது கட்டப்பட்டிருக்கும் வணிகம். அப்வர்த்தி என்ற இணையத்தளம் ஒரே கட்டுரைக்குப் பல தலைப்புகளைக் கொடுத்து, எதை வாசகர்கள் அதிகம் கிளிக் செய்கிறார்கள் என்று சோதித்த பதிவுகளை ஆய்வாளர்கள் 2023-இல் அலசினார்கள். சுமார் 1,05,000 தலைப்புகள், 37 கோடி தடவை திரையில் தோன்றி, 57 லட்சம் கிளிக்குகளைப் பெற்றிருந்தன. சராசரி நீளமுள்ள ஒரு தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் கிளிக் விகிதம் 2.3 விழுக்காடு உயர்ந்தது. ஒரு தனி வாசகருக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் நாள்தோறும் கோடிக்கணக்கான திரைகளில் எது மேலே வர வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு நிரலுக்கு 2.3 விழுக்காடு என்பது பெரிய லாபம். தலைப்பு எழுதுபவர் கொடியவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எது வென்றதோ அதைத் திரும்பச் செய்தாலே போதும்.

செய்தியின் உள்ளடக்கத்தைவிட அதன் வடிவம் மாறியதே பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். 1930 ஏப்ரல் 18 அன்று மாலை, பிபிசி வானொலியின் செய்தி அறிவிப்பாளர் இன்று செய்தி எதுவும் இல்லை என்று மட்டும் கூறினார். மீதி நேரம் பியானோ இசை ஒலித்தது. இன்று அது நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. உலகில் அன்று எதுவும் நடக்கவில்லை என்பது உண்மையாக இருக்க முடியாதுதான். இருந்தாலும், செய்திக்கு ஒரு நேரம் உண்டு, அது முடியும், முடிந்தபின் வேறொன்று தொடங்கும் என்ற ஒழுங்கு அதில் இருந்தது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. 1980 ஜூன் 1 அன்று சிஎன்என் தொடங்கி, 24 மணி நேரச் செய்தி என்ற வடிவம் வந்ததும், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத நேரங்களையும் பழையதை மறுபடி காட்டி நிரப்பும் தேவை எழுந்தது. பிறகு 2006-இல் ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கத்தின் அடி வந்ததும் அடுத்த பகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். அந்த அமைப்பு மனிதர்களை என்ன செய்திருக்கிறது என்று அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். கடைசிப் பக்கம் அத்துடன் காணாமல் போனது. கெட்ட செய்திகளைத் திரையில் முடிவின்றி உருட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் குறிக்கும் ‘டூம்ஸ்க்ரோலிங்’ என்ற சொல் 2020-இல் உலகெங்கும் பரவியபோது, அது ஒரு புதிய கெட்ட பழக்கத்தின் பெயர் என்று எண்ணப்பட்டது. உண்மையில் அது, முடிவே இல்லாத ஒரு பக்கத்தின்முன் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார் என்பதன் விவரிப்பு.

செய்தி என்பது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்ற பழைய கேள்வியும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. நார்வே நாட்டவர்களான யோகான் கால்டுங்கும் மாரி ரூகேயும் 1965-இல் எழுதிய கட்டுரையில், வெளிநாட்டு நிகழ்வுகளில் எவை செய்தியாகின்றன என்று ஆராய்ந்து, திடீரென்று நிகழ்வதும் தீயதாக இருப்பதும் செய்தியாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். அழிவுக்கு ஒரு நொடி போதும். ஆக்கத்துக்கு ஆண்டுகள் வேண்டும். செய்தியோ நாளுக்கு ஒருமுறை, இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்படுகிறது. 1990-இல் உலகில் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் அதிகம். 2022-இல் அது 50 லட்சத்துக்குக் கீழே வந்திருந்தது. இந்த வீழ்ச்சி நிகழ்ந்த முப்பது ஆண்டுகளில், ‘நேற்றைவிட இன்று குறைவாக இறந்தார்கள்’ என்று எந்த நாளிலும் முதல் பக்கத் தலைப்பு வந்திருக்க முடியாது, ஏனெனில் அது எந்த ஒரு நாளிலும் நிகழவில்லை. உலகம் நன்றாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 50 லட்சம் குழந்தைகளின் சாவு ஆறுதல் தரும் எண் அல்ல. செய்தி என்பது நிகழ்வுகளின் பதிவு, நிலவரத்தின் படம் அல்ல. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் 1970-களில் நடத்திய ஆய்வுகளில், தொலைக்காட்சி அதிகம் பார்ப்பவர்கள் உலகை உள்ளதைவிட ஆபத்தான, நம்பத்தகாத இடமாக மதிப்பிடுவதைக் கண்டார். அதற்குக் ‘கொடிய உலக நோய்க்குறி’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் சூட்டினார். இப்படித் தவறாக மதிப்பிடுவதற்கு உயிர் விலையும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் நெடுந்தொலைவு சென்றார்கள். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டபடி, அடுத்த ஓராண்டில் இதன் விளைவாகச் சாலைகளில் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்த பயணிகளின் எண்ணிக்கையைப்போல் இது பல மடங்கு. கண்முன் நூறு முறை வந்த ஆபத்திலிருந்து தப்பி, ஒருமுறையும் காட்டப்படாத ஆபத்துக்குள் அவர்கள் சென்றார்கள்.

இதையெல்லாம் அறிந்தோ அறியாமலோ, செய்தியே வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள் பெருகிவருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பில், சில சமயமோ அடிக்கடியோ செய்தியைத் தவிர்ப்பதாகக் கூறியவர்கள் 2017-இல் 29 விழுக்காடு. 2025-இல் 40 விழுக்காடு. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் முழுமையாக ஒதுங்குவது நினைத்த அமைதியைத் தருவதில்லை. செய்தியை விட்டவரைச் செய்தி விடுவதில்லை: வாட்ஸ்அப் குழுவில் வரும் பாதி உண்மையாக, சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொல்லும் அரைகுறை வாக்கியமாக, சூழலிலிருந்து பிய்த்தெடுத்த முப்பது நொடிக் காணொளியாக அது வந்தே தீரும். அப்போது அச்சம் மட்டும் வந்துசேரும். அதைச் சரியான அளவில் வைத்துப் பார்ப்பதற்கான தகவல் வராது. தேர்தல், தொற்றுநோய், வெள்ள எச்சரிக்கை போன்றவற்றில் அறியாமை ஆபத்தும்கூட.

அறிந்துகொள்ள வேண்டும், ஆனால் உடைந்துவிடக் கூடாது என்ற கட்டாயத்தில் தொழில்முறையாகவே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். போர்முனைகளிலிருந்தும் தாக்குதல் நடந்த இடங்களிலிருந்தும் பொதுமக்கள் எடுத்து அனுப்பும் காணொளிகளைச் சரிபார்ப்பது செய்தி நிறுவனங்களில் இன்று ஒரு தனி வேலை. ஒரு காணொளி உண்மையில் அந்த நகரில், அந்த நாளில் எடுக்கப்பட்டதுதானா என்று உறுதிசெய்ய, கடைப்பலகை, நிழலின் கோணம், பேச்சுவழக்கு என்று ஒவ்வொரு காட்சிச் சட்டமாக (ஃபிரேம்) நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். இத்தகைய செய்தியாளர்கள் 116 பேரை ஆராய்ந்து கனடாவின் மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைனும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட, எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே மனப்பாதிப்புடன் அதிகம் தொடர்புடையது என்று கண்டது. அரைமணிக்கொருமுறை கைபேசியை எடுத்து ஒரு நிமிடம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, நான் அதிகம் பார்ப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு இது சங்கடமான முடிவு. மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வக் கையேடுகளில் ஒன்றான டிஎஸ்எம்-இன் ஐந்தாம் பதிப்பும் 2013-இலேயே இந்த வேலையின் சுமையை ஒப்புக்கொண்டது: திரைவழிக் காட்சிகள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கான அடிப்படையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதில்லை, ஆனால் வேலையின் பகுதியாகப் பார்க்க நேர்ந்தால் கொள்ளப்படும்.

காணொளிகளைச் சரிபார்க்கும் அந்த மேசைகளில் உருவாகியிருக்கும் கைப்பழக்கங்கள் எளியவை, வீட்டுக்கும் பொருந்துபவை. முதலில் ஒலியை அணைத்துவிடுவார்கள், ஏனெனில் அலறலும் அழுகையும் காட்சியைவிட நீண்டநாள் காதில் நிற்கும். காணொளியை முழுத்திரையில் விரிக்காமல் ஒரு சிறிய சட்டத்துக்குள் ஓடவிடுவார்கள். சரிபார்ப்பதற்குத் தேவையற்ற இடத்தை, குறிப்பாக முகத்தை, கையாலோ ஒரு தாளாலோ மறைத்துக்கொள்வார்கள். சக ஊழியருக்கு ஒரு காணொளியை அனுப்பும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். எதிர்பார்த்துப் பார்ப்பது வேறு, எதிர்பாராமல் மோதிக்கொள்வது வேறு. எல்லாவற்றுக்கும் முதலாக அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இதை நான் பார்த்தே ஆக வேண்டுமா? அந்தக் கேள்விக்கு அவர்களால் பல சமயம் ‘ஆம்’ என்றுதான் சொல்ல முடிகிறது. நமக்கு அந்தக் கட்டாயம் அநேகமாக ஒருபோதும் இல்லை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் மசூதிகளில் நடந்த படுகொலையைக் கொலையாளியே நேரலையில் ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்தக் காணொளியின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அதைப் பார்த்தவர்கள், அந்த நிகழ்வைப் படித்து அறிந்தவர்களைவிடக் கூடுதலாக எதையும் அறிந்துவிடவில்லை.

ஆகவே மாற்றவேண்டியவற்றுள் முதன்மையானது, பார்ப்பதிலிருந்து படிப்பதற்கு நகர்வது. எழுத்துக்கு வேகம் நம் கையில். தாங்க முடியாத பத்தியைத் தாண்டலாம், நிறுத்தி யோசிக்கலாம், அது தானாக மறுபடி ஓடாது. காணொளி தானாக ஓடும் வசதியைப் பெரும்பாலான செயலிகளின் அமைப்புகளில் அணைத்துவிட முடியும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படுவனவற்றில் ஒரே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். அடுத்தது, செய்திக்கு நேரம் குறிப்பது. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட மனநலக் குறிப்புகளில், பதற்றம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, நாளில் ஓரிரு முறை, குறித்த நேரங்களில் மட்டும் தகவல்களைத் தெரிந்துகொள்ளுமாறு கூறியது. கைபேசி அறிவிப்பொலிகளில் உயிருக்கு நேரடியாகத் தொடர்புடைய வானிலை, பேரிடர் எச்சரிக்கைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்திவிட்டால், எப்போது செய்தி என்பதை நாம் தீர்மானிக்கிறோம். உறங்கப் போகும் முன்பான ஒரு மணி நேரம் அந்த நேரங்களில் ஒன்றாக இருக்கக் கூடாது.

காத்திருப்பதற்கு வேறொரு பலனும் உண்டு. ஒரு பெரிய நிகழ்வின் முதல் சில மணி நேரங்களில் வரும் தகவல்களே மிகவும் பிழையானவை: பலி எண்ணிக்கை மாறும், குற்றவாளி என்று தவறான ஆளின் படம் பரவும், பழைய காணொளி புதியதாக வலம்வரும். பாஸ்டன் குண்டுவெடிப்பின்போதே குற்றத்தில் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் இணையத்தில் குற்றவாளிகளாக அடையாளம் காட்டப்பட்டார்கள். மறுநாள் காலை ஒரு முழுக் கட்டுரையைப் படிப்பவர், இரவெல்லாம் விழித்திருந்தவரைவிடக் குறைவான நேரத்தில் கூடுதலான உண்மையை அறிகிறார்.

இந்த இடத்தில் பலரைத் தடுப்பது சோம்பல் அல்ல, குற்றவுணர்ச்சி. அங்கே குழந்தைகள் இடிபாடுகளுக்கடியில் கிடக்கும்போது நான் கைபேசியை வைத்துவிட்டுத் தூங்கப்போவது மனிதத்தன்மையா என்று மனம் கேட்கிறது. பார்த்துக்கொண்டிருப்பதே துணைநிற்பது போன்ற ஓர் உணர்வு அதில் இருக்கிறது. அதை இகழ்ந்து ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவுகிறது. பிறர் வலியைத் தாமும் உணரப் பயிற்சி பெற்றவர்கள், துயரக் காட்சிகளைப் பார்த்தபோது மேலும் வருந்திச் சோர்ந்தார்கள். அதே மனிதர்களுக்கு, துன்பப்படுபவர் நலம்பெற வேண்டும் என்ற விழைவை வளர்க்கும் பயிற்சி அடுத்து அளிக்கப்பட்டபோது, அந்தச் சோர்வு தணிந்து, அன்பும் ஊக்கமும் தலைதூக்கின. சேர்ந்து நோவது வேறு, இரங்குவது வேறு. முதலாவது நீண்டால், தன் வலியைத் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலும் போய் முடியும்; எத்தனையோ பேர் இறந்தாலும் உறைக்காத மரத்துப்போன நிலை, கல்நெஞ்சத்திலிருந்து மட்டுமல்ல, அளவுக்கு மீறி நொந்த நெஞ்சத்திலிருந்தும் வரும்.

இரக்கம் செயலைத் தேடும். நம்பத்தக்க நிவாரண அமைப்பு ஒன்றுக்குப் பணம் அனுப்புவது, இரத்ததானம் செய்வது, பிரதிநிதிக்கு எழுதுவது, தெருவில் அதே போன்ற இன்னலில் இருக்கும் ஒருவருக்கு உதவுவது என எதுவாகவும் இருக்கலாம். இவற்றால் தொலைதூரப் போர் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. செய்தியைப் படிக்கும் நேரத்தையும் அதன்மேல் ஏதேனும் செய்யும் நேரத்தையும் ஒரு மாதத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், பெரும்பாலோருக்கு முதலாவது பல மணி நேரமாகவும் இரண்டாவது பூஜ்யமாகவும் இருக்கும். முதலாவதில் கால்பங்கைக் குறைத்து இரண்டாவதற்குக் கொடுத்தால்கூட விகிதம் தலைகீழாக மாறிவிடாது, ஆனால் பூஜ்யம் என்ற நிலை போய்விடும்.

குழந்தைகள் இருக்கும் அறையில் செய்தித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருப்பது தனி ஆபத்து. மிகச் சிறிய குழந்தைகளுக்கு மறுஒளிபரப்பு என்ற கருத்தே புரிவதில்லை. ஒரே கட்டடம் பத்து முறை விழுந்தால் பத்துக் கட்டடங்கள் விழுந்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது நல்லது. பெரியவர்களுக்கோ, செய்தியைக் குறைத்த பின்னும் வாரக்கணக்கில் தூக்கம் வராமலோ, காட்சிகள் வலியவந்து மறித்துக்கொண்டோ, அன்றாட வேலை ஓடாமலோ இருந்தால், அது செய்திப் பழக்கத்தின் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டிய நேரம்.

இதுவரை எழுதியவை எல்லாம், நிகழ்வு தமக்கு வெளியே நடக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு. செய்தியில் வரும் ஊர் தம் ஊராக, இடிந்த தெரு தம் அக்கா குடியிருக்கும் தெருவாக இருப்பவர்களிடம், நாளொன்றுக்கு இரண்டு முறை மட்டும் பாருங்கள் என்று சொல்வது அறிவீனம். அவர்கள் பார்க்காமல் இருந்தால்தான் பதற்றம் கூடும். இருப்பினும் அவர்களுக்குத் தேவைப்படும் தகவல் ‘நேரலை’ என்று சிவப்பு எழுத்தில் ஓடும் திரையில் அநேகமாகக் கிடைப்பதில்லை; அது அந்தத் தெருவில் இருக்கும் ஒருவரிடமிருந்தே வர வேண்டும். புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் பல தாமாகவே கண்டறிந்த ஒரு வழி உண்டு. குடும்பத்தில் ஒருவர் மட்டும் அன்றைய செய்தியைப் பின்தொடர்வார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மறுநாள் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போகும். ஊரில் இருப்பவரோடும் ஓர் ஏற்பாடு செய்துகொள்வார்கள்: காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரே ஒரு சொல் அனுப்ப வேண்டும். அங்கே மின்சாரம் இருக்காது, பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும், இருபது உறவினர்களுக்கும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆறு மணிக்கு ‘நலம்’ என்று ஒரு சொல் குடும்பக் குழுவில் வந்து விழுந்ததும், இரவெல்லாம் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துபோய் முகம் கழுவுவார்.